ஜவாஹிரின் படத்துக்கு நான் எழுதிய உரை

எனக்குக் கிட்டப்பார்வை. தெருவில் நடக்கும்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வேன். புகைப்படம் பார்க்கும்போது கழற்றிவிடுவேன். படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பார்த்தால்தான் மற்றவர்கள் தவறவிடுவது தெரியும். ஆசிரியர் அறையில் இதைக் கேலி செய்தார்கள். நான் பொருட்படுத்தியதில்லை.

என் பெயர் சுந்தரலிங்கம். கண்டியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஆனாலும் என்ன படிப்பித்தேன் என்பதைவிட என்ன வாசித்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். நான் புகைப்படங்களை வாசித்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை, நகரத்தில் ஒரு மண்டபத்தில், வெளிநாட்டுப் பெரிய புகைப்படக்காரர்களின் படங்களைத் திரையில் போட்டு விளக்குவேன். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நிற்கும் கிழவர்கள், போரில் பிள்ளையை இழந்த தாய், யாருமில்லாத ரயில் மேடை. படத்தில் இருப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். படத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் எப்போதும் உண்டு. அவரைக் கண்டுபிடிப்பதுதான் வாசிப்பு என்று சொல்வேன். கேட்க வருகிறவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

ஜவாஹிர் அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர். அலவத்துகொடக்காரர். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது தொழில். மற்ற நேரத்தில் தனக்குப் பிடித்ததை எடுப்பார். அவற்றை முதலில் எனக்குத்தான் காட்டினார். நன்றாக இருந்தன. அவற்றைப் பற்றி அவரால் இரண்டு வசனம் சேர்த்துச் சொல்ல முடியாது. "வெளிச்சம் நல்லாருந்திச்சி சேர்," என்பார், அவ்வளவுதான். அந்தப் படங்களுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. நான் வாயாக இருந்தேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய கண்காட்சியை ஏற்பாடு செய்தேன். அந்தக் காலத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடையை மூடு என்று ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் வரும், திற என்று மறு பக்கம் இராணுவத்தினர் துவக்கோடு வருவார்கள். மகாவலியில் பிணம் மிதந்தால் பாலத்தில் நிற்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், கட்டுகஸ்தொட்டையில் எடுத்த படம் ஒன்று கண்காட்சியில் இருந்தது. வரிசையாக மூடிக் கிடக்கும் கடைகள், ஈரமான தார் ரோடு. ஒரு கடையின் ஷட்டர் மட்டும் ஒரு முழம் உயர்ந்திருக்கிறது. உள்ளே இருந்து ஒரு கை வெளியே நீண்டிருக்கிறது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அதைப் பற்றி நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அச்சடித்து, வாசலில் கொடுத்தோம். இந்தக் கை ஒரு சைகை என்று எழுதினேன். யாருக்குச் சைகை? அந்த ஆள் கமரா நிற்கும் இடத்தில் நிற்கிறார். படம் எடுத்தவர் பார்வையாளர் அல்ல, சைகையைப் பெற்றுக்கொள்கிறவர். இது எழப்போகிறவர்களின் படம். நான் எழுதியதில் மிகச் சிறந்த பந்தி அதுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் நாள் அதை மண்டபத்தில் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும், கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் பாலாம்பிகை டீச்சர் எழுந்து, படம் எடுத்தவரும் ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்றார். ஜவாஹிர் கூச்சத்தோடு எழுந்தார்.

"அது எங்கட மாமாட கை. மழ விட்டிட்டாண்டு பாக்கிறார்," என்றார்.

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல, அந்தக் காலத்தில் சிரிக்கக் கிடைத்தது கொஞ்சம்தான். பாலாம்பிகை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். ஜவாஹிர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில், நான் எந்தப் படத்தைத் திரையில் போட்டாலும், பின்வரிசையில் யாராவது உள்ளங்கையை நீட்டி மழை பார்ப்பார்கள்.

அந்தத் தாள் எப்படி இராணுவ முகாமுக்குப் போனது என்று கேட்டீர்கள். நான்தான் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி என்னிடம் ஆங்கிலம் படித்தவர். கெட்டிக்கார மாணவர். என்னைக் கண்டால் வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பேசுவார். ஒரு நாள் என்ன எழுதுகிறீர்கள் சேர் என்று விசாரித்தார். பையில் ஒரு பிரதி இருந்தது. படித்த மாணவன் கேட்டால் எந்த ஆசிரியரும் கொடுப்பார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நான் எழுதியதைக் கவனமாக வாசித்திருந்தார். சைகையைப் பெற்றுக்கொள்கிறவர் என்ற இடத்தின் கீழே கோடு போட்டிருந்தார். அந்த இடத்தைக் கண்டுகொண்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆள் இப்போது எங்கே என்று கேட்டார். கலஹாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பின்னேரம் பேராதனைக்கு வரும் பஸ்ஸில் திரும்புவார் என்றேன். அது இரகசியமல்ல. யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பேராதனையில் பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கமராப் பை சீட்டிலேயே கிடந்ததாம்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி றம்லத் வந்தார். முன்பு அவரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஜவாஹிர் மாமா என்று சொன்னது இவருடைய தகப்பனைத்தான். கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், அது எங்கட வாப்பாட கை. வாப்பா உசிரோட இருந்தா அவரையே கூட்டிட்டுப் போயிருப்பன். நோம்புக்கு முந்தி மவுத்தாகிட்டார். அந்தப் படத்துக்கு அப்படி ஒரு அர்த்தமும் இல்லண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

சொல்வதாகச் சொன்னேன். அவர் போன பிறகு என் மனைவி இராஜகுமாரி என் சேர்ட்டை எடுத்துவந்து என் கையில் தந்தாள். "இப்பவே போயிட்டு வாங்க. தப்பா எழுதிட்டேன்னு சொன்னா என்ன, தலையா போயிடும்?" என்றாள்.

போனேன். இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் போனேன். அதிகாரி தேநீர் வரவழைத்தார். ஜவாஹிரிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். மழை, மாமா என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறாராம். அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருந்தது. நீங்கள் எழுதியது வெறும் கற்பனை என்று சொல்லுங்கள் சேர், நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கற்பனை எழுதுவது என் வழக்கமல்ல என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு எதையும் கூட்டவில்லை. ஜவாஹிரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, முயற்சி செய்தேன், அவர்கள் கேட்கவில்லை என்று இராஜகுமாரியிடம் சொன்னேன். றம்லத்துக்கும் அதையே சொல்லியனுப்பினேன். ஜவாஹிர் திரும்பி வரவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தோண்டிப் பார்ப்பதாகப் பத்திரிகையில் வாசித்தேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நெகடிவ்களை றம்லத் என்னிடம்தான் கொண்டுவந்து தந்தார். வீட்டில் வைத்திருக்கப் பயம் என்றார். நிலைமை சீரான பிறகு அவற்றைப் புத்தகமாக்கினேன். அட்டையில் அந்தக் கைப்படம், முன்னுரையில் என் பந்தி. இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஒன்றுமே இல்லாத மனிதரை அப்படிக் கொண்டுபோவார்களா என்று வாசிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாலாம்பிகை டீச்சர்கூட, நாங்கள் அன்றைக்குக் கவனிக்காமல் போய்விட்டோம் சேர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் றம்லத் வந்து, அவர் உண்மையாகவே அந்த ஆட்களோடு சேர்ந்திருந்தாரா என்று கேட்டார். பிள்ளைகள் கேட்கிறார்களாம். ஒரு காரணத்துக்காகப் போனார் என்றால் அவர்களுக்கும் தாங்கிக்கொள்ள இலகு என்றார். ஆம் என்றேன். அழுதுவிட்டு, கொஞ்சம் நிம்மதியோடு போனார். அந்த நிம்மதியை நான்தான் கொடுத்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, படம் எடுத்தபோது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி.

நான் இருந்தேன். கட்டுகஸ்தொட்டை வரை நடந்து போனோம், மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். ஷட்டர் உயர்ந்தது, கை வந்தது. உள்ளே இருந்து, "சேர், மழ விட்டிட்டா?" என்று கேட்டார் கிழவர். நாங்கள் ஒதுங்குவதை அவர் இடுக்கு வழியாகப் பார்த்திருந்தார். இன்னும் கொஞ்சம் தூறுது என்று நான்தான் பதில் சொன்னேன். ஜவாஹிர் படம் எடுத்தார்.

ஆகவே மண்டபத்தில் அவர் இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சேரும் என்னோடு நின்றார், அவருக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், எனக்காக வாயை மூடிக்கொண்டார், உட்கார்ந்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் அந்த மாதமே மறந்திருப்பேன். அந்தப் பார்வையைத்தான் மறக்க முடியவில்லை. என்னிடம் படிக்க வந்தவர் எனக்கு இரக்கம் காட்டினார்.

பல மாதம் கழித்து அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விடைபெற வந்தார். முகாமில் ஜவாஹிரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், பல தடவை, பல விதமாக. படம் எடுத்த அன்று கூட நின்றது யார் என்று. என் பெயரைச் சொன்னால் என்னையும் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பயந்தாரோ என்னவோ. யாரும் இல்லை, தனியாகத்தான் நின்றேன் என்றாராம். கடைசி வரை அதையே சொன்னாராம்.

நான் படத்தில் கண்டதை எழுதினேன். பஸ்ஸைப் பற்றிக் கேட்டபோது தெரிந்ததைச் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள், இதையும் சொல்லிவிட்டேன். இந்த விஷயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னவர் என்று பார்த்தால், அது ஜவாஹிர் ஒருவர்தான்.