ரத்தத்தில் இறங்கிய சிஸ்டர்

காளவாசலில் ஏறிய இரண்டு பெண்கள் உசிலம்பட்டிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மூத்தவள் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

“ரத்தத்துல சிஸ்டர் எறங்கிருச்சாம், செல்வி.”

“எந்த சிஸ்டர் மதினி? ஊசி போடுற நர்ஸம்மாவா?”

“அடி போடி. ஹோமோ சிஸ்டராம். கூடுனா நெஞ்சுக்கு ஆகாதாம்.”

செல்வி சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டினாள். “ஹோமோசிஸ்டீன், மதினி. சிஸ்டர் இல்ல.”

“என்னமோ. மூணு மாசம் பி வைட்டமின் மாத்திரை முழுங்குனேன், பாதியா எறங்கிருச்சு.”

“அப்ப இனி நெஞ்சுவலி வராதுல்ல?”

“அத உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. எங்க அக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான விழுந்தா? அவ இந்த மாத்திரைய முழுங்கியிருந்தா பொழைச்சிருப்பாளான்னு கேட்டேன். அதுக்கும் அதே பதிலுதான்.”

பேருந்து செக்கானூரணியைத் தாண்டியது. இருபுறமும் மழைக்கு உழுதுபோட்ட செம்மண். மூத்தவள் சீட்டைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தாள்.

“நீ சிஸ்டர் இல்லன்னுட்ட. எனக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சுடி. இருந்தது ஒரே அக்கா. அம்புட்டும் எறங்க வேணாம், கொஞ்சம் ரத்தத்துல இருக்கட்டும்.”