புகையாத மூச்சு

தவறாக எண்ண வேண்டாம். விளக்கை அணைக்கச் சொன்னவர்கள் நீங்கள்தாம். சற்று நெருங்கி அமர்ந்தால் மெல்லிய குரலிலேயே சொல்லிவிடுவேன். இது என் நண்பரின் பெரியப்பாவுக்கு நேர்ந்தது.

மாலை ஏழு மணி இருக்கும். சாயத் தொழிற்சாலையின் பின்புறச் சாலை... இருபுறமும் உயர்ந்த மதில். ஆள் அரவம் இல்லை. மழை ஓய்ந்து, எங்கோ தகரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே கிடங்குப் பொறுப்பாளரான பெரியப்பா, சைக்கிளை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு வந்தார். கள்ளனைப் பிடிக்கத்தான்... அவர் சந்தேகப்பட்டதோ, ஒரே வீட்டில் வாழும் தங்கையின் கணவரை.

கிடங்கில் இருந்தது நீரற்ற அலுமினியம் குளோரைடு. வெளிர்மஞ்சள் பொடி, சாயம் தயாரிக்க இன்றியமையாதது. ஆனால் ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும். மனிதமூச்சின் ஈரம் பட்டாலே வெண்புகை கிளம்பி, அமில நெடி தொண்டையை அறுக்கும். ஆகவே அறைக்காற்றை ஓர் இயந்திரம் உலர்த்திக்கொண்டே இருக்கும். முகமூடி அணியாமல் எவரும் பீப்பாயின் மூடியைத் தொடக்கூடாது.

அந்த வாரம் முழுவதும் காலையில் மூடிகள் கழன்று கிடந்தன; யாரோ பொடியைத் திருடுவதாகப் பேச்சு. சாவி இருந்தது இருவரிடம்: பெரியப்பா, அவரே வேலை வாங்கிக்கொடுத்த மாப்பிள்ளை. பழி உறுதியானால் தங்கை குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். மாப்பிள்ளையோ பரம சாது. "ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள லாரி ஓட்டுறாருண்ணா" என்று அவருடைய குறட்டையைத்தான் தங்கை எப்போதும் குறை சொல்வாள்.

கதவைத் திறந்தார். இயந்திரத்தின் முனகல்... பீப்பாயருகே மாப்பிள்ளை குந்தியிருந்தார். முகமூடி இல்லை.

"நீங்களா மாப்ள?"

"வாங்க மச்சான். திருடனப் புடிக்கவா? நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"முகமூடி எங்க? எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி, ஞாபகம் இருக்கட்டும்!"

"அட, ஒண்ணும் ஆகாது. இங்க வந்து பாருங்க."

மூடி திறந்திருந்தது. பெரியப்பா தம் முகமூடியை இறுக்கிக்கொண்டு குனிந்தார். அதன் ஓரத்தில் மூச்சு கசிந்ததும் பொடியின்மேல் மெல்லிய வெண்புகை... அடுத்த மூச்சு... மறுபடி புகை.

மாப்பிள்ளையும் குனிந்தார். பொடிக்கு ஒரு சாண் உயரத்தில் அவர் வாய்.

"யாரு தொறந்திருப்பாங்க மச்சான்?"

சிரித்தார். இருமவில்லை.

புகை எழவில்லை.

பெரியப்பா தம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார்... பொடி அப்படியே கிடந்தது.

"சரி... வீட்டுக்குப் போலாம் மாப்ள" என்று மூடியை இறுக்கினார்.

வீட்டிலும் மனம் ஆறவில்லை. துடைக்கும் சாக்கில் மூக்குக்கண்ணாடியை நீட்டி, "கொஞ்சம் ஊதுங்க மாப்ள" என்றார். மாப்பிள்ளை கன்னம் உப்ப ஊதினார். கண்ணாடி மங்கவில்லை. தங்கை மகள் ஓடிவந்து, "நானு, நானு மாமா!" என்று பிடுங்கி ஊதினாள்.

மங்கியது.

பெரியப்பா அன்றிரவு கண்ணை மூடவில்லை. விடிந்ததும் தங்கையைச் சமையலறையில் தனியே கண்டார். எப்படிச் சொல்வது? வாயெடுக்குமுன் அவளே மலர்ந்த முகத்துடன் திரும்பினாள்.

"அண்ணா, ஒரு வாரமா அவரு குறட்டையே விடுறதில்ல தெரியுமா? இப்பத்தான் நான் நிம்மதியாத் தூங்குறேன்..."