கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம்

மகள்: நம்ம கம்ப்யூட்டருக்கு அந்த கேபினட் வேணாம்பா. டிபன் டப்பா மாதிரி இருக்கு.

அப்பா: சின்னதா இருந்தா என்ன? கைப்பிடி வேற வெச்சிருக்கான் பாரு.

மகள்: கைப்பிடியப் புடிச்சுத் தூக்கிக்கிட்டு எங்க போகப் போற? கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கா?

அப்பா: வாடகை ரூம்தானே. நாளைக்கே காலி பண்ணுன்னா...

மகள்: நீயும் அம்மாவும் பிரிஞ்சதுலேர்ந்து இதே ரூம்லதான் இருக்க. செவுரு ஒழுகினப்பகூட கட்டிலத்தான் நகத்திப் போட்ட. இந்தச் சின்ன டப்பா வாங்கினா அதுக்குன்னு சின்ன மதர்போர்டு வாங்கணும், விலை ஜாஸ்தி. உள்ள காத்தும் போகாது. கொஞ்ச நேரம் கேம் ஆடினா அடுப்பாட்டம் கொதிக்கும்.

அப்பா: சரி தாயே. பெரிசே போடு.

மகள்: போடறேன். போன தடவ நீ கடைக்காரன் பேச்சக் கேட்டு வாங்கினது என்னாச்சு? புகை வந்துச்சு.

அப்பா: அது ஒரே ஒரு தடவதான்...

மகள்: ஒரு தடவதான் வரும். அப்புறம் எங்கேர்ந்து வரும்?

அப்பா: வாய்... அப்படியே உங்கம்மா. ஆமா, அவ வேலை விஷயம் என்ன ஆச்சு?

மகள்: அந்த வெளிநாட்டு வேலையா? சீக்கிரம் வந்து சேரச் சொல்றாங்களாம். என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு நிக்கறா. அதுக்கு நீ சம்மதிக்கணுமாமே?

அப்பா: ம்... ஆமா.

மகள்: நாலு ரேம் போடற மாதிரி ஒரு போர்டு இந்த சைட்டுல காட்டினான். எங்க போச்சு அது...

அப்பா: உனக்குப் போகணும்னு இருக்கா?

மகள்: அம்மாகிட்ட கேளு.

அப்பா: கேட்டேன்.

மகள்: என்ன சொன்னா?

அப்பா: ...நீ போர்டப் பாரு.

மகள்: தோ இருக்கு. ரேம் இப்ப ரெண்டு போதும். மிச்ச ரெண்டு இடம் காலியா இருக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்.

அப்பா: அப்புறம் என்ன அப்புறம்? இப்பவே நாலையும் போட்டுடு.

மகள்: காசு மரத்துலயா காய்க்குது? பிராசசர் நான் சொன்னதுதான். படம் காட்டற வேலையையும் அதுவே பாத்துக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இப்ப வேணாம்.

அப்பா: கேம் ஆடத்தானே வாங்கறோம்? கார்டு இல்லாம என்னத்த ஆட?

மகள்: நம்ம கார் ரேஸ் ஓடும். கொஞ்சம் மங்கலா ஓடும், அவ்வளவுதான். எப்படியும் நீ கடைசிலதான் வருவ, உனக்கு எதுக்கு பளபளன்னு? கார்டு அடுத்த வருஷம் போடலாம். அதுக்குத்தான் பெரிய டப்பா.

அப்பா: அடுத்த வருஷம்...

மகள்: உனக்கு போனஸ் வரும்ல, அப்ப.

அப்பா: இல்லடா, கார்ட இப்பவே வாங்கிடலாம். மத்ததுல எதையாவது கொறைச்சுக்க.

மகள்: எதக் கொறைக்க? மானிட்டரையா? அப்புறம் ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துக்கிட்டுதான் ஒக்காரணும்.

அப்பா: கலர் கலரா லைட் எரியற கீபோர்டு கேட்டியே...

மகள்: அது சின்னப் புள்ளைல கேட்டது. லைட் எரிஞ்சா நான் நல்லா ஆடிடுவேனா? பவர் சப்ளைக்கு வா. இது மட்டும் நல்லதா, பெரிசா இருக்கணும்.

அப்பா: கார்டே இல்லங்கற, இவ்வளவு பவர் எதுக்கு?

மகள்: நீதானே சொல்லுவ, எட்டு பேர் ஏறற லிஃப்ட்டுக்கு எட்டு பேர மட்டும் தாங்கற கயிறு போடறவன் மெக்கானிக்கே இல்லன்னு?

அப்பா: அதுல ஆளுங்க ஏறுவாங்க...

மகள்: இதுல கார்டு ஏறும். அதுக்கடுத்த வருஷம் இன்னொரு டிஸ்க் ஏறும். நான் காலேஜ் முடிக்கற வரைக்கும் இத வெச்சே ஓட்டிடலாம். சனிக்கிழமை நான் வரும்போது ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டே போகலாம்.

அப்பா: சனிக்கிழமை...

மகள்: என்னப்பா? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

அப்பா: ஒண்ணுமில்ல. இந்த பவர் சப்ளை... நூத்திப்பத்து வோல்ட்லயும் ஓடுமா?

மகள்: நம்ம ஊர்ல எங்க நூத்திப்பத்து? எரநூத்தி முப்பதுதானே?

அப்பா: சும்மா கேட்டேன்.

மகள்: கரண்ட் விஷயத்துல நீ சும்மா கேக்க மாட்ட. நூத்திப்பத்து... அம்மா போற ஊர்லதான்பா.

அப்பா: ம்.

மகள்: அப்பா, இத யாருக்கு வாங்கற?

அப்பா: உனக்குத்தான்.

மகள்: இங்க வெக்கத்தானே?

அப்பா: அங்க உனக்குத் தெரிஞ்சவங்கன்னு யாரும் இருக்க மாட்டாங்க. அம்மாவும் வேலைக்குப் போயிடுவா. ஸ்கூல் விட்டு வந்தா... நாம ரெண்டு பேரும் சேந்து கோத்ததுன்னு ஒண்ணு கூட இருக்கட்டுமேன்னு... தூக்கிக்கிட்டுப் போக லேசா இருக்கட்டும்னுதான் அந்தச் சின்ன டப்பாவச் சொன்னேன்.

மகள்: நீ சம்மதிக்காம நான் எப்படிப் போவேன்?

அப்பா: சம்மதிச்சுட்டேன்டா. வியாழக்கிழமை விசா ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. அதிகாரி முன்னால நின்னு முழு மனசோட அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கே அம்மா டிக்கெட்டும் எடுத்துட்டா.

மகள்: ஏன்பா? ஏன் சொன்ன?

அப்பா: அம்மா கேட்ட உடனே நீ சரின்னியாமே. சிரிச்சுக்கிட்டே சொன்னியாம்... ஆசையா கிளம்பற புள்ளைய வேணாம்னு எப்படித் தடுக்கறது? சொல்லிட்டு வெளிய வந்தவன் ரோட்டோரமா நின்னு அழுதேன். யாரும் பாக்கல.

மகள்: முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல...

அப்பா: கேட்டா எனக்காகப் பரிதாபப்பட்டு போகலன்னுடுவ. அதான் கேக்கல. ஏன்டா... நீ சரின்னு சொல்லலையா?

மகள்: சொன்னேன்பா... மாட்டேன்னா அம்மா மூஞ்சி வாடிடும். எப்படியும் நீ என்னை விட மாட்டன்னு நம்பித்தான் சொன்னேன்.