நான் சொன்ன சம்மதம்

பெயர் ஆல்டன் நியூலின். வயது 71. தகப்பனார் கால்வின் நியூலின், காலமாகிவிட்டார். தொழில் குழாய் மற்றும் கொதிகலன் பழுதுபார்ப்பது, தற்போது ஓய்வு. முகவரி பழைய ஆலைச் சாலை, செடார் ஃபோர்க், வட கரோலினா. மார்ச் 19, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணி முதல் மாவட்டக் காவல் நிலையத்தில் துணை ஷெரிஃப் டுவைன் பர்சல் கேட்கக் கேட்க நான் சொல்லி, அவர் எழுதிக்கொண்டது.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என் மனைவி லெனோர் நான்கு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். ஒரே மகன் அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். நான் செடார் ஃபோர்க் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவன். வெளியில் எங்களைக் குவேக்கர்கள் என்பார்கள். எங்களுக்குப் போதகர் கிடையாது, பாட்டும் கிடையாது. ஞாயிறு காலையில் பெஞ்சுகளில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளிருந்து ஒரு வார்த்தை வந்தால் எழுந்து சொல்வார்கள். பல ஞாயிறுகளில் யாருக்கும் எதுவும் வராது.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட எல்வீரா பனேகாஸ் என்பவர் ஹோண்டுராஸ் நாட்டவர், வயது 38. இந்த மாவட்டத்துக் கோழி ஆலையில் பதினாறு வருடம் வேலை செய்தவர். அவரை நாடு கடத்த உத்தரவு வந்தபோது, சென்ற ஆண்டு ஜனவரியில் எங்கள் சபை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. வழிபாட்டு இடங்களுக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைவதில்லை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது சட்டம் அல்ல, அவர்களாக வைத்துக்கொண்டது. அதை நம்பி எங்கள் சபைக்கூடத்தில் பிள்ளைகள் வகுப்பறையை அவருக்கு ஒதுக்கினோம். குளிக்கக் குழாய் நான் போட்டுக்கொடுத்தேன். அன்று முதல் பதினான்கு மாதங்கள் அவர் சரளைக்கல் முற்றத்து வேலியைத் தாண்டவில்லை. அவருடைய மகள் யாதிரா, வயது 11, இங்கேயே பிறந்தவள். சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள், சனி ஞாயிறு அம்மாவிடம் வருவாள்.

எல்வீராவுடன் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று முறைப்பட்டியல் போட்டோம். முதல் மாதம் நாற்பத்தாறு பெயர்கள் இருந்தன. கூடவே தொலைக்காட்சிக்காரர்கள், பதாகை பிடிக்கிறவர்கள், சட்டி சட்டியாகச் சமைத்துக் கொண்டுவருகிறவர்கள். அதன் பிறகு கோடை வந்தது, ஜனங்கள் கடற்கரைக்குப் போனார்கள். செப்டம்பரில் பட்டியலில் ஒன்பது பெயர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பகல் முழுவதும் என் பெயர்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, அதை அப்போது தியாகம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை.

பகலில் அவர் சமைப்பார், நான் எதையாவது கழற்றி மாட்டுவேன். மதியம் கோதுமை ரொட்டிக்குள் அரைத்த பீன்ஸும் பாலேடும் வைத்து மடித்துக் கொடுப்பார். எங்கள் சபையில் யாருக்கும் பட்டம் வைத்துக் கூப்பிடும் பழக்கம் இல்லை, பெயர் மட்டும் போதும் என்று பல தடவை சொன்னேன். "பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கம்மா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடும், தோன் ஆல்டன்" என்றார். தோன் என்பது அவர்கள் பக்கத்து மரியாதைச் சொல். அவர் கத்தோலிக்கர். ஞாயிறு எங்கள் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் ஜெபமாலையோடு உட்காருவார். ஒரு நாள், "இப்படி ஊமையா சாமி கும்பிடுற ஆளுங்களை நான் பாத்ததே இல்ல. கடவுள் தூங்கிட்டாருன்னா யாரு எழுப்புறது?" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் வார நாளில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

பதினாறு கோவில்கள், சபைகள், ஒரு மசூதி, ஒரு யூத ஆலயம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக, குடியேற்றச் சட்டத்தைத் திருத்தக் கோரி இரண்டு வருடமாக வேலை செய்து வருகிறோம். பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, இங்கே பிறந்த பிள்ளை உள்ளவர்கள் தங்குவதற்கு மனுச் செய்யலாம் என்று ஒரு மசோதா. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு நடந்து போவோம். அங்குள்ள செயலாளர் பெண்மணி ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பிவிடுவார். தண்ணீர் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு பிப்ரவரி கடைசியில், அந்த மசோதா பற்றி நேரில் சாட்சியம் கேட்க நாடாளுமன்றக் குழு ஒன்று மாவட்ட நூலக அரங்குக்கு வருவதாகக் கடிதம் வந்தது. நூலகம் எங்கள் சபைக்கூடத்திலிருந்து ஒன்பது மைல். எல்வீரா நேரில் பேச வேண்டும் என்று கூட்டமைப்பு விரும்பியது. குழுவை எங்கள் இடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். எழுதி அனுப்பலாமே என்று நான் கேட்டதற்கு, யூத ஆலயத்தின் ரபி ஷோஷனா கெஸ்லர், "எழுதி அனுப்பின காகிதம் அவங்க ஆபீஸ்ல பெட்டி பெட்டியா கிடக்கு, ஆல்டன். ஒரு பெட்டியையும் பிரிக்கலை. மனுஷியைப் பாத்தாத்தான் இறங்குவாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் எல்வீராவின் தலைமேல் கைவைத்து அழுதவர். அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

வழியில் பிடித்துவிடுவார்களே என்று நாங்கள் கேட்டதற்கு, அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள் என்று நம்புவதாகக் குழுவின் அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. எழுத்தில் ஒன்றும் இல்லை. வால்வு மூடியிருப்பதாக நம்புகிறேன் என்று சொன்னவர் வீட்டில் நான் ஒரு நாளும் குழாயைக் கழற்றியதில்லை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுவேன்.

மார்ச் 3, ஞாயிறு, வழிபாடு முடிந்து சபைக் காரியக் கூட்டம் கூடியது. எல்வீரா தானே முடிவு சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, நான் கட்டுப்படுறேன்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். எங்கள் கூட்டத்தில் ஓட்டு எடுப்பதில்லை. பெரும்பான்மை, சிறுபான்மை கிடையாது. எல்லோரும் அமைதியில் உட்கார்ந்து, கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கூட்டத்தை நடத்துகிறவர் அதைச் சொல்வார். ஒரே ஒருவர் எழுந்து எனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் போதும், காரியம் அங்கேயே நின்றுவிடும். கூரைக்குத் தகரமா ஓடா என்பதில் ஒருவருக்கு மனம் ஒப்பாமல் எங்கள் கூரை ஆறு வருடம் ஒழுகியது. வாளி வைத்துக்கொண்டு ஜெபித்தோம். அவரை யாரும் திட்டவில்லை.

அன்று முப்பத்தெட்டு பேர் இருந்தோம். கூட்டத்தை நடத்தியவர் வெர்னா லின்ட்லி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒவ்வொருவராக எழுந்து, எல்வீரா போகலாம் என்ற பக்கமே பேசினார்கள். அதன் பிறகு நீண்ட அமைதி. வழியில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் போகவில்லை. எழுந்து சொல்வதற்காக முன் பெஞ்சின் முதுகைப் பிடித்தேன். அப்போது என்னை நானே ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று. எங்கள் சபையில் அப்படிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆவியிலிருந்து வரும் வார்த்தையைத்தான் எழுந்து சொல்லலாம், சொந்த ஆசையைச் சொல்லக் கூடாது.

எனக்கு வந்த பதிலை இங்கே பதிவு செய்யச் சொல்கிறேன். மசோதா நிறைவேறினால் எல்வீரா மகளோடு தன் வீட்டுக்குப் போய்விடுவார். நான் என் வீட்டுக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் அவருடைய மனு ஒன்று தள்ளுபடியான அன்று, அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று. ஒரு பெண்ணை அடைத்து வைத்திருப்பதில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அன்று என் பயமும் அந்தச் சுயநலத்தின் குரல்தான் என்று முடிவு செய்துகொண்டு, பெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வால்வு திறந்திருப்பது உண்மை, அதைச் சொல்ல வந்த வாய் மட்டும்தான் அழுக்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

வெர்னா, "அவளோட நாம போறோம்னுதான் எனக்குக் கேக்குது. எல்லாருக்கும் சம்மதமா?" என்றார். எல்லோரும் சம்மதம் என்றார்கள். நானும் சம்மதம் என்றேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

அதன் பிறகு சமையலறைக்குப் போனேன். எல்வீரா கையைத் துடைத்துக்கொண்டு, "தோன் ஆல்டன், நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். சம்மதம் சொன்னதாகச் சொன்னேன். "அப்ப போறேன். மத்தவங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க, எதுக்கும் தலையாட்டிடுவாங்க. நீங்கதான் எதையும் ஒரு தடவை ஆட்டிப் பாக்காம விடமாட்டீங்க" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவைச் சமையலறையில் தனியாக உடைப்பது எங்களிடம் பெரிய குற்றம். சொல்லவில்லை.

இன்று காலை 9.40க்கு என் வேனில் புறப்பட்டோம். எல்வீரா முன் இருக்கையில் இருந்தார், பின்னால் வெர்னாவும் ரபியும். எங்களுக்குப் பின்னால் இருபது வண்டிகளுக்கு மேல் வந்தன. வேலியைத் தாண்டியதும் எல்வீரா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் பங்க் இடித்துப் புதிதாகக் கட்டியிருந்ததைப் பார்த்து, "இது எப்ப?" என்று மட்டும் கேட்டார். 10.05க்கு நூலக வாகன நிறுத்தத்தில் நிறுத்தினேன். அவர் இறங்கிப் பத்து அடி நடந்திருப்பார். சாட்சியம் கேட்க வந்தவர்கள் போலக் கையில் நிகழ்ச்சித் தாளோடு நின்றிருந்த மூன்று குடியேற்ற அதிகாரிகள் வந்து அவர் இரு கைகளையும் பிடித்தார்கள். பெயர் கேட்டார்கள், அவர் சொன்னார். பொய் சொல்லத் தோன்றவில்லை போலும். ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் நிற வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நூலகக் கதவு வரை அவர் போகவே இல்லை.

கூட்டமைப்பிலிருந்து எங்களோடு வந்த மெத்தடிஸ்டு சபையார் வண்டியைச் சுற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். நாங்கள் சத்தமில்லாமல் நின்றோம். நான் வண்டியின் பின்கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். எல்வீரா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாதிராகிட்ட யாரும் சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றார். சரி என்றேன். உள்ளூர்க் காவலர்களோடு வந்திருந்த டுவைன் பர்சல் மூன்று முறை கையை எடுக்கச் சொன்னார். மூன்றையும் காதில் வாங்கினேன். எடுக்கவில்லை. கடைசியில் அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முரட்டுத்தனமாகப் பிரிக்கவில்லை. வண்டி 10.20க்குப் போய்விட்டது. எங்கே கொண்டுபோனார்கள் என்று இதுவரை தெரியாது. மற்றவர்கள் வழக்கறிஞரோடு நகரத்துக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அதிகாரிகளைத் தடுத்ததாக என்மேல் உள்ள குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் மார்ச் 3 அன்று செய்தேன், அதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் செக்‌ஷன் இல்லைங்க ஐயா. நீங்க கதவைப் புடிச்சதை மட்டும் சொன்னாப் போதும்" என்றார் பர்சல். நான் சொல்வதை விட்டுவிட்டு எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதும் எழுதினார். அவருடைய அம்மா வீட்டுக் கொதிகலனை முப்பது வருடம் பார்த்துக்கொண்டது நான்தான். என் பிடிவாதம் அவருக்குத் தெரியும்.

சத்தியம் செய்யச் சொன்னார். எங்கள் சபையார் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரத்தில் சொல்வது என்ன என்று கேட்பார்கள். ஆகவே உறுதி மட்டும் சொல்கிறேன்.

அதன் பிறகு, விவரம் தெரிவிக்க வேண்டிய உறவினர் யார், தொலைபேசி எண் என்ன என்று படிவத்தில் கேட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னேன். அது சபைக்கூடத்து எண். சொன்ன பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. அதற்குள் பர்சல் எண்ணை அழுத்திவிட்டார். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, "பிஸியா இருக்கு. யாரோ பேசிட்டுதான் இருக்காங்க, அப்ப ஆள் இருக்காங்க ஐயா" என்றார். ஆள் யாரும் இல்லை, வேறு யாராவது கூப்பிட்டு அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தாலும் பிஸி என்றுதான் வரும் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் மணி 4.05. நாலு மணிக்குப் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியதும் யாதிரா அந்த எண்ணில்தான் தினமும் அம்மாவுக்கு போன் போடுவாள். அவர் மறுபடியும் மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பிஸியாகவே இருந்தது.

நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, படிக்கக் கேட்டேன், மாற்ற ஒன்றும் இல்லை.

ஒப்பம்: ஆல்டன் நியூலின், பிற்பகல் 4.20
பதிந்தவர்: டுவைன் பர்சல், துணை ஷெரிஃப்