வெறும் காத்தை மூட்டை கட்டுற வேலை

...அதான் சொல்றேன், அந்த ஃபேன் சுவிட்சைக் கழட்டிப் போடுங்கன்னு நான் வந்த வருஷத்துலேருந்து கத்துறேன், யாரு கேட்டா? உக்காரும்மா. மேனேஜர் போன்ல இருக்காரு, இப்போதைக்குக் கூப்பிட மாட்டாரு. நானும் அவரைப் பாக்கத்தான் காத்திருக்கேன். பேக்கிங் வேலைக்குத்தானே வந்திருக்கே? ம்... ஃபைலைப் பாத்தாலே தெரியுது.

என்ன வேலைன்னு சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. கரண்டு எடுக்க நிலக்கரி எரிக்கிறாங்கல்ல, அந்தச் சாம்பலைத் தண்ணியோட குளத்துல விடுவாங்க. கனமானது அடியில போயிடும். மேல நுரை மாதிரி ஒண்ணு மிதக்கும் பாரு, அதை வழிச்சு, காயவெச்சு, சலிச்சு, மூட்டை கட்டுறோம். சலிக்கிறது நான். பூதக்கண்ணாடியில பாத்தா குட்டிக் குட்டி உருண்டை. உள்ள? வெறும் காத்து. பெயிண்டு, சிமெண்டு, படகுன்னு எல்லாத்துலயும் கலக்குறாங்களாம், கனம் தெரியாம இருக்க. உள்ள ஒண்ணுமில்லாததுதாம்மா எப்பவும் மேல மிதக்கும். இந்த ஆபீஸையே பாரேன்... சரி விடு, சுவத்துக்கும் காது இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், ஃபேன். அந்த ரூம்ல தும்மினாலே சரக்கு பறக்கும். போன செவ்வாக்கிழமை, வாங்குற ஆளுங்க பாக்க வர்ற நேரம். நாலு நாள் காயவெச்சது மேஜை மேல குவிஞ்சு கிடக்கு. திடீர்னு ஃபேன் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அவ்வளவுதான், கண்ணு தெரியல, கை தெரியல. அடங்கினதும் பாத்தா, வாசல்ல கோட்டு போட்ட மூணு பேரும் மாவுல புரட்டியெடுத்த மாதிரி நிக்கிறாங்க. கூட நின்ன நம்ம மேனேஜருக்கு வழுக்கை வேற... வேணாம், சிரிச்சா உள்ள கேக்கும்.

பழி யாரு மேல? முணுமுணுப்பு மேல. வாய்க்குள்ளயே பேசுவா, அதனால அப்புடிக் கூப்பிடுவோம். சுவிட்சுக்குக் கீழ குனிஞ்சு மூட்டை தச்சுக்கிட்டிருந்தா, பாவம். 'நான் போடல'ன்னு சொல்லியிருக்கா, யாரு காதுலயும் விழல. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவ இடத்துக்குத்தான் உன்னை வரச் சொல்லியிருக்காங்க. புருஷன் கால் உடைஞ்சு கிடக்குறான், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நேத்து போய்ப் பாத்தேன். நாக்காலியைத் தொடச்சுப் போட்டு, டீ குடுத்து, "அக்கா, நீங்களாவது என்னை நம்புறீங்களே"ன்னா. டீயை அப்புடியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேம்மா.

இந்த வயசுல திடீர் திடீர்னு உடம்பு பத்திக்கிட்டு எரியும். உனக்கும் ஒரு நாள் வரும், அப்போ தெரியும். அன்னிக்குச் சலிச்சதைக் கொட்டப் போன எனக்கு ரவிக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு. ஒரே ஒரு நிமிஷம்னுதான்... சுவிட்சைத் தட்டினது நான்தான். பதினோரு வருஷமா போடாதே போடாதேன்னு ஊரையே திட்டினவ, என் மேல எவனுக்குச் சந்தேகம் வரும்?

அப்புடிப் பாக்காதே. இப்போ உள்ள போய்ச் சொல்லத்தான் போறேன். சொன்னா அந்த இடம் அவளுக்கே திரும்பப் போயிடும், உனக்கு இல்ல. கோவப்படாதே. அதுக்குப் பதிலா இன்னொரு இடம் காலியாகும்ல? சல்லடை பிடிச்சுப் பழக்கமா?

இல்லையா... பரவால்ல, ரெண்டு நாள்ல வந்துடும். மணி அடிக்கிறாரு பாரு. நீ உக்காரு, முதல்ல நான் போறேன்.