காலை எட்டு நாற்பதின் வானிலை

மலையை மேசை மேல் ஏற்றிவைத்தவரே! மழையை மாணவர் கையால் அளக்கவைத்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முதல் மணிக்கு முன்பே வந்து, கடைசி மணிக்குப் பின்பே போன எங்கள் புவியியல் ஆசிரியை அவர்களே!

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் ஒருங்கே கூடி, நன்றியும் நாணமும் ஒருசேர நெஞ்சை நெருக்க, தங்கள் முன் நின்று வாசிக்கும் மடல் இது.

இந்தப் பள்ளியில் பாராட்டு மடலுக்கென்று ஒரு பழைய பிரதி உண்டு. 'கல்விக் கடலே, கருணை மலையே' என்று தொடங்கும். பெயரை மட்டும் மாற்றி ஆறு பேருக்கு வாசித்தாகிவிட்டது. போன ஆண்டு ஓய்வு பெற்ற தோட்டக்காரரையும் 'கரும்பலகையின் காவலரே' என்று வாழ்த்திவிட்டோம். அதைச் சட்டம் போட்டு அவர் வீட்டில் மாட்டியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தன் மகனை டியூஷனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இம்முறை அந்தப் பிரதியைத் தொடக்கூடாது என்று மல்லுக்கு நின்றவள், எங்கள் ஆசிரியர் அறையின் இளையவளான கணினி ஆசிரியை. நின்றதற்குத் தண்டனையாக எழுதும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. மடலில் 'நான்' என்று எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே அவள் தன்னையும் 'அவள்' என்றே எழுதுகிறாள்.

இணையவழிக் கற்றல் தளம் இப்பள்ளிக்கு வந்த ஆண்டை நாங்கள் மறக்கவில்லை. நாங்கள் பாடக் குறிப்பை ஏற்றிவைத்தோம், பிள்ளைகள் இறக்கிவைத்தார்கள். சுமை கைமாறியதே தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய நீங்களோ, அதன் ஒவ்வொரு பொத்தானையும் 'இதை வைத்து வேறென்ன செய்யலாம்' என்று திருப்பிப் பார்த்தீர்கள். வினாடிவினாவைத் தலைகீழாக்கினீர்கள். சரியான விடையை நீங்களே கொடுத்துவிட்டு, நம்பும்படியான தவறான விடைகளைப் பிள்ளைகள் எழுத வேண்டும் என்றீர்கள். அடுத்த பிரிவில் எத்தனை பேரை ஏமாற்றுகிறார்களோ அத்தனை மதிப்பெண். மலை உச்சி ஏன் குளிர்கிறது என்ற கேள்விக்கு, 'அங்கே மரம் இல்லை, காற்றைச் சூடாக வைத்திருப்பது மரம்தான்' என்று ஒரு பொடியன் எழுதிய பொய்யில் பாதி வகுப்பு விழுந்தது. உடற்கல்வி ஆசிரியரும் விழுந்தார். அதை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

தப்பைப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறீர்களே என்று இளையவள் உங்களிடம் சண்டைக்கு வந்தாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவளுக்குச் சரியான விடை என்பது பசித்தவன் கையில் கிடைத்த சோறு, அதை வைத்து யாரும் விளையாடக்கூடாது. "எங்க வழுக்கும்னு தெரியாம எப்படிம்மா நடப்பாங்க?" என்று கேட்டுவிட்டு நீங்கள் தேர்வுத்தாளைத் திருத்தப் போய்விட்டீர்கள். உங்களுக்கும் அவளுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. விழா மேடை என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டோம்.

கலந்துரையாடல் பக்கத்தை ஓடும் ஆறாக்கினீர்கள். பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு ஊர். மேலே உள்ள ஊர், தான் எடுத்துக்கொள்ளும் தண்ணீருக்குக் கணக்குச் சொல்லி, கீழே உள்ள ஊருக்குக் கடிதம் எழுதி முடித்தால்தான் அடுத்த ஊருக்குப் பூட்டுத் திறக்கும். முதல் ஊர்க்காரன் பண்ணிய அலப்பறைக்கு ஆறாம் ஊர் வரை வசவு வந்தது. கடலோரக் கடைசி ஊரை யாரும் எடுக்கவில்லை, ஒரு மாணவி தானாகக் கேட்டு வாங்கினாள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு அவள் எழுதியது ஒரே வரி: 'மேலே எல்லாரும் நல்லவங்கதான், ஆனா எனக்கு வந்தது உப்புத் தண்ணிதான்.' அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குக் 'கடைசி ஊர்' என்று பெயர். அவள் உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. அதை ஒருமுறை திரையில் காட்டியது போதும்.

அந்த வரியைப் படித்த மறுநாள்தான் நீங்கள் வானிலையைத் தொடங்கினீர்கள். தளத்தில் கருத்துக்கணிப்புக்கு ஒரு வசதி உண்டு. சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்கத்தான் நாங்கள் அதைப் பயன்படுத்தினோம். நீங்கள் ஒவ்வொரு நாளும் காலை எட்டு நாற்பதுக்கு ஒரே கேள்வியைத் திறந்தீர்கள்: இன்று உன் வானிலை என்ன? வெயில், மேகம், மழை, புயல். விடை உங்களுக்கு மட்டுமே தெரியும். புயல் என்று எழுதிய பிள்ளையை நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். "இந்த மேப்பைக் கொஞ்சம் பிடி, நூலகம் வரைக்கும் போகணும்" என்பீர்கள். நூலகத்துக்கு நூறு அடி. வரைபடச் சுருளின் இரண்டு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு நடந்தால், முகத்தைப் பார்க்காமல் பேசலாம். போய் வந்த பிள்ளைகள் பேசியிருந்தார்கள் என்பதை, பிற்பகலில் அவர்கள் சாப்பாட்டுப் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டோம்.

இனி சொல்லப்போவது பாராட்டு அல்ல. ஆனால் இது இல்லாமல் பாராட்டும் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம். கற்றல் தளத்தில் நடக்கும் புதுமைகளைப் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். இளையவளுக்கு அது வேலைக்கு வந்த முதல் ஆண்டு, வேலை நிரந்தரமாகவில்லை. தினமும் அவள் அம்மா தொலைபேசியில் அதையேதான் கேட்பார். தளத்தின் பொறுப்பாளராக எல்லாப் பக்கங்களையும் திறந்து, எதைக் காட்டலாம் என்று தேடியவளுக்கு, உங்கள் வானிலைப் பக்கத்தில் இருந்த வண்ண வண்ணப் பட்டைகள் கண்ணைப் பறித்தன. பட்டைகளை மற்றவர்களுக்கும் காட்ட, அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அவள் குறியிட்டது அடுத்த கட்டத்தில். 'பெயருடன் காட்டு' என்று இருந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முந்தின நாள்தான் உங்களோடு சண்டை போட்டிருந்தாள். கேட்டிருந்தால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா? உதிர்ந்துவிடும் என்றுதான் அன்று நினைத்தாள்.

திரையில் பட்டைகள் வந்தன. பெற்றோர் கை தட்டினார்கள். பிறகு பக்கம் கீழே நகர்ந்தது. முப்பத்தெட்டுப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று வாரத்து வானிலை. கடைசி ஊரின் வரிசையில் பதினைந்து நாளும் ஒரே சொல்: புயல். அவள் அப்பா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார், அவள் மணிக்கட்டைப் பிடித்தார், வெளியே போனார். மண்டபத்தில் யாரும் அசையவில்லை. நீங்கள் மட்டும் வாசல் வரை ஓடினீர்கள். திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் வந்தது. அவள் வரவில்லை.

புதன்கிழமை விசாரணை. மாற்றியது யார் என்று தலைமை ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள், "என் வகுப்பு, என் பக்கம், நான்தான் வெச்சேன்" என்றீர்கள். இளையவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். உண்மை எதுவென்று அந்த அறையில் குறைந்தது ஐந்து பேருக்குத் தெரியும். ஐவரும் மேசை விரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தோம்.

தாழ்வாரத்தில் அவள் உங்கள் பின்னால் வந்தாள். வாயைத் திறக்க விடாமல் நீங்கள் சொன்னதை அவள் இன்றும் வரி பிசகாமல் சொல்வாள்.

"உன் வேலை நிரந்தரமாகலை, என்னுது ஆயிடுச்சு. அவ்வளவுதான். நன்றி கின்றின்னு வந்து நிக்காதே. உன் மேல கோவம் இல்லைன்னு நான் சொல்லலை. இன்னும் ரெண்டு நாள் நடந்திருந்தா அந்தப் பொண்ணு வாயைத் திறந்திருப்பா."

உங்கள் பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் ஏறியது. முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் வருகைப் பதிவை மறக்காதவருக்குக் கவனக்குறைவு! அடுத்த ஆண்டு தலைமைப் பொறுப்பு உங்களைத் தாண்டி இன்னொருவருக்குப் போனது. வானிலைக் கேள்விக்குத் தடை வந்தது. இளையவளின் வேலை நிரந்தரமானது. அவள் வீட்டில் அன்று எல்லோரும் சிரித்தார்கள், அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடந்தாள். நீங்கள் அதன் பின்னும் வினாடிவினாவைத் தலைகீழாக்கினீர்கள், ஆற்றை ஓடவிட்டீர்கள். கடைசி ஊரை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. அதை நீங்களே வைத்துக்கொண்டீர்கள்.

ஓய்வு பெறுபவரின் கணக்கை மூடுவது தளத்தின் பொறுப்பாளரான இளையவளின் வேலை. போன வாரம் மூடுவதற்கு முன் உங்கள் வகுப்புகளைச் சரிபார்த்தாள். பட்டியலில் ஒன்று கூடுதலாக இருந்தது. மறைத்துவைத்த வகுப்பு, தலைப்பு இல்லை, ஒரே ஒரு மாணவி: கடைசி ஊர். உள்ளே ஒரே ஒரு கேள்வி. பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலை எட்டு நாற்பதுக்கு நீங்கள் அதைத் திறந்திருக்கிறீர்கள், நான்கு ஆண்டுகளாக. ஒரு விடையும் இல்லை. அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள், கணக்கின் கடவுச்சொல்லாவது நினைவிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு நாள், ஏதோ ஒரு கணினி முன் உட்கார்ந்து அவள் தேடினால், கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் போலும். மூடும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு இளையவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு இந்த மடலை எழுதத் தொடங்கினாள்.

ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டியபோது, "இதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டுவாங்கம்மா, யோசிச்சு எழுது" என்றார் உடற்கல்வி ஆசிரியர். "மாட்டட்டும் சார். அதுக்குத்தான் எழுதறேன்" என்றாள். முதலில் பேனாவை எடுத்தவர் அவரேதான். மேசை விரிப்பின் பூவை எண்ணிய மற்றவர்களும் எடுத்தோம். இம்மடலின் படி ஒன்று உங்கள் பணிப் பதிவேட்டில் சேர்கிறது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்து, தலைமை ஆசிரியர் நேற்றுக் கையெழுத்திட்டார். திருத்தம் வந்த நாளில் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்கு எங்களிடம் அலங்காரச் சொல் எதுவும் இல்லை. வெட்கம் மட்டுமே இருக்கிறது.

அம்மையீர்! இனி முதல் மணி உங்களுக்காக அடிக்காது. உங்கள் முழங்கால் வலி தணிந்து, படிகள் பணிந்து, உறக்கம் கனிந்து, நாளெல்லாம் நலமாய், நலமெல்லாம் நெடிதாய் நீங்கள் வாழ வேண்டும். இந்த வாழ்த்தை யாரும் எழுதலாம். எங்களுக்கு மட்டுமே உரிய ஒன்றையும் சொல்லி முடிக்கிறோம்.

உங்கள் ஆசிரியர் கணக்கு இன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். அந்தத் தலைப்பில்லாத வகுப்பு மூடப்படாது. இன்று காலை எட்டு நாற்பதுக்கு அதைத் திறந்தது இளையவள். விடை வரவில்லை. நாளையும் திறப்பாள். அவள் இல்லாத நாளில் எங்களில் ஒருவர் திறப்பார். அந்த வகுப்பில் இன்று முதல் மாணவியர் இருவர். இரண்டாவது பெயர் உங்களுடையது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் உங்கள் வானிலை என்ன என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இனி நாள்தோறும் கேட்போம். வெயில் என்றால் மகிழ்வோம். புயல் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். வரைபடச் சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எங்களில் ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.

தலை தாழ்ந்து,
ஆசிரியர்களும் அலுவலர்களும்

தனியாகக் கையெழுத்திடுபவள்: அந்தக் கட்டத்தில் குறியிட்ட கணினி ஆசிரியை