நாற்பது முற்றுப்புள்ளிகள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுவதென்றால் மெதுவாகத் திட்டுங்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு.

நானும் அக்காவும் ஒரே வீடு. அவளுக்குக் கதை எழுத வரும், எனக்கு எழுத்துப்பிழை பார்க்க வரும். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு இணையத்தில் பக்கம் தொடங்கி நாற்பது கதைகள் போட்டாள். இரண்டு வருடம் கழித்து அதே நாற்பதையும் என் பக்கத்தில், என் பெயரில் போட்டேன். அக்கா சொத்தில் தங்கைக்குப் பங்கில்லையா? ஈ காக்கை எட்டிப்பார்க்காத இடம், யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு பதிப்பாளர் வந்தார். இணையத்தின் மிகப் பழைய கதைப் பக்கங்களைத் தேடிப் புத்தகமாக்குகிறாராம்.

"ரெண்டு பக்கத்துலயும் ஒரே கதையா இருக்கே. எது பழசோ அவங்க பேருதான் அட்டையில. அடுத்த மாசம் சொல்றேன்" என்றார்.

அவருடைய ஆராய்ச்சி பெரிய ஆராய்ச்சி. தேடுபொறியில் தலைப்பைப் போடுவார். வரும் முடிவுக்கு அருகில் காட்டும் தேதியைக் குறித்துக்கொள்வார். அது பக்கம் பிறந்த தேதி அல்ல, கடைசியாகத் திருத்திய தேதி. பாவம், அவருக்குத் தெரியாது.

அக்காவின் கடவுச்சொல், சிறுவயதில் என்னைக் கூப்பிட்ட செல்லப்பெயர். கடைசி வரிக்குப் புள்ளி வைக்க அவளுக்கு எப்போதும் மறந்துபோகும். ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தேன்.

பதிப்பாளர் திரும்பி வந்தார். "ஏம்மா, உங்க பக்கம் போன மாசம்தான் வந்திருக்கு. தங்கச்சி கதைய இப்படியா எடுக்கிறது?"

"நான் எழுதினதுய்யா."

"தேடினா அப்படிக் காட்டலையேம்மா."

அதன்பின் அக்கா தேடினாள். அந்தக் காலத்தில் தன் பக்கத்தைப் படித்தவர் ஒருவராவது எங்காவது ஒரு வரி எழுதியிருக்கமாட்டாரா என்று தேடல் முடிவுகளில் ஐம்பதாம் பக்கம், அறுபதாம் பக்கம் போனாள். தட்டில் சோறு காய்ந்தது.

"நீயாவது உண்மையச் சொல்லேண்டி."

"தேடுக்கா, கிடைக்கும்" என்று காபி வைத்தேன். பாசம் விட்டுப்போகுமா?

முதலில் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு பேசுவதை. ஒரு காலையில், விரல்கள் விசைப்பலகைமேல் இருக்க, மூச்சையும்.

நான் அவளுடைய எழுத்தில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, கண்ணுகளா. அவள் வைக்க மறந்ததை வைத்தேன், அவ்வளவுதான். புத்தகத்தில்கூட, அட்டையில்தான் என் படம். முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று போட்டிருக்கிறேன். எந்தத் தங்கை செய்வாள்?

நல்லா இருங்கள். உங்கள் வீட்டு அக்கா தங்கைகளும் எங்களைப் போலவே ஒற்றுமையாக இருக்கட்டும்.